சலவை அறைக்கு ஏன் போனாள்?

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் இரண்டாவது வாசலைத் தேடுவது அவரது வழக்கம். வந்த வழி அடைபட்டுப் போனால் வெளியேற வேறு வழி எது என்று கண்டுகொண்ட பிறகுதான் அவர் நாற்காலியில் முதுகைச் சாய்ப்பார். திரையரங்கில் விளக்கு அணையும் முன் அவர் சுற்றுமுற்றும் பார்த்து முடிக்கும்வரை, அவருடைய கணவர் சோளப்பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக் காத்திருப்பார். கணவரின் பெரியம்மா வீட்டுக்கு முதன்முறை போனபோது, பின்பக்கம்வரை நடந்து சென்று கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துத் திரும்பினார். வீடு பிடித்திருக்கிறதா, பத்திரம் எழுதிவிடலாமா என்று பெரியம்மா கேட்டது இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் சிரிப்பை வரவழைக்கும்.

அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அலுவலர். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சிவப்பிலும் மஞ்சளிலும் எழுதி ஒட்டுவதும், விபத்து நேர்ந்தால் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதுவதும் அவருடைய வேலை. கணவரின் தங்கை அவரை அண்ணி என்று அழைப்பாள். அவளைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. நாமும் அப்படியே அழைப்போம்.

அந்தத் தங்கை பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். ஓரிடத்தில் நில்லாத உடம்பும் ஓயாத வாயும் உடையவள் என்பதால் அவளுக்குக் குருவி என்று செல்லப்பெயர். நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு பேச வழியில்லாமல் கிடக்கும் நேரமெல்லாம் அவள் மனத்துக்குள் கதை கட்டுவாள். அப்படிக் கட்டியவற்றிலிருந்து ஓர் ஆட்டத்தை உருவாக்கியிருந்தாள். பலகையும் காய்களும் இல்லாத ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்களே படைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

குருவியின் கதை கொலைகாரன் வரும் பயங்கரக் கதை. மலைச்சரிவில், விடுமுறைக்கு மூடிய மாணவியர் விடுதி. வீட்டுக்குப் போகாமல் தங்கிவிட்ட சிலர். மழையில் உடைந்த பாலம். தேனீ வளர்ப்பவர்கள் முகத்தில் அணியும் வலையைப் போட்டுக்கொண்டு, கிளை வெட்டும் பெரிய கத்தரியோடு ஒவ்வொருவராகத் தேடி வரும் ஒருவன். விடியும்வரை உயிரோடிருப்பவர் வென்றவர்.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் அண்ணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த ஆட்டம் நடக்கும். அண்ணியின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் படைக்கும் பாத்திரம் எப்போதும் ஒரு பாடகர். குரலைப் பழக மாடிக்குத் தனியே போய், முதல் ஆளாகச் செத்து, மிகுந்த மனநிறைவோடு தேநீர் போட எழுந்துவிடுவார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் இன்னோர் ஆட்டக்காரர். அவருடைய பாத்திரங்கள் எல்லோரும் காதலில் தோற்றவர்கள். கொலைகாரனைக் கண்டால்கூட அவனிடம் தங்கள் துயரத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள்.

இடைஞ்சல் அண்ணியிடம்தான் இருந்தது. அவர் படைத்த பாத்திரம் எதுவும் இதுவரை செத்ததில்லை. சாகாததோடு எங்கும் போவதும் இல்லை. கொலைகாரனைப் பற்றிய முதல் சேதி வந்த உடனே எல்லோரையும் கூடத்தில் சேர்த்து, வாசலுக்கு மேசைகளை அண்டைகொடுத்து, ஆள் மாற்றி ஆள் காவல் வைத்து, விடியும்வரை உட்கார்ந்துவிடும். முந்தைய வாரம் கொலைகாரன் மழையில் விடுதியைச் சுற்றிச் சுற்றி நடந்து சளி பிடித்துத் திரும்பிப் போனான் என்று சொல்லிக் குருவி தாள்களைச் சுருட்டி வைத்தாள். பாவம், அவனும் வேலைக்கு வந்தவன்தானே என்று லிஃப்ட்காரர் பரிந்து பேசினார்.

இந்த நிலையில், வாரத்தின் நடுவில் தொழிற்சாலையில் ஒரு விபத்து நேர்ந்தது.

அட்டைத் தாளை அச்சில் வைத்து அழுத்தி, பெட்டிக்கு வேண்டிய வடிவத்தில் வெட்டித் தரும் இயந்திரம் அங்கே பல உண்டு. அவற்றில் ஒன்றை ஓட்டுபவர் அந்தப் பகுதியிலேயே மூத்த தொழிலாளி. நிதானத்துக்குப் பெயர் போனவர். உள்ளே சிக்கிய தாளை எடுக்க, இயந்திரத்தை நிறுத்தாமலே கையை நீட்டினார். இடக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. காப்புக் கதவைத் திறந்தால் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும். ஆனால் அதற்குரிய விசை ஒட்டுநாடாவால் அமுக்கி ஒட்டப்பட்டிருந்ததால், கதவைத் திறந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணி இயந்திரத்தைச் சோதித்தார், படம் எடுத்தார், மேற்பார்வையாளரை விசாரித்தார். காயம்பட்டவர் மருத்துவமனையில் இருந்ததால் அவரை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மாலைக்குள் அறிக்கையை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்தார். பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய சொல் அது. அறிக்கையின் சுருக்கம் வழக்கம்போல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். அறிக்கையை அப்படியே கூட்டம் ஏற்றுக்கொண்டால் அந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நிர்வாகத்தின் விதி அது. அண்ணி மனம் வருந்தினார். மருத்துவமனைக்குப் பழம் வாங்கி அனுப்பினார். எழுதியது சரிதான் என்பதில் மட்டும் அவருக்கு ஐயமே எழவில்லை.

சனிக்கிழமை வந்தது. குருவி புதிய பாத்திரத் தாள்களோடு வந்தாள். கொலைகாரனை வேலையில்லாமல் உட்காரவைப்பது இனி நடக்காது என்று அறிவித்துவிட்டுத் தாள்களை விநியோகித்தாள். ஒவ்வொரு தாளிலும் நான்கு கேள்விகள் இருந்தன. முதல் மூன்றும் பழையவை: பாத்திரம் யார், பையில் என்ன இருக்கிறது, எதைக் கண்டால் அச்சம். நான்காவது புதியது. எல்லோரும் போகாதே என்று தடுத்த பிறகும், சலவை அறைக்கு நீ ஏன் தனியாகப் போனாய்?

"சலவை அறை நடைக்கூடத்தோட கடைசியில இருக்கு. அதுக்கு இன்னொரு வாசல் கிடையாது அண்ணி. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் தேடாதீங்க" என்றாள் குருவி.

கணவர் உடனே எழுதிவிட்டார். சலவை அறையின் சுவர்களில் குரல் நன்றாக எதிரொலிக்கிறதாம்; பாடகருக்கு அது போதாதா? குருவி ஏற்றுக்கொண்டாள். லிஃப்ட்காரர் இம்முறை விடுதியின் தோட்டக்காரராக வந்தார். சலவைக்குப் போட்ட சட்டையின் பையில் காதலித்தவளுடைய புகைப்படம் இருக்கிறது. தண்ணீர் படும் முன் அதை எடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரலே தழுதழுத்தது. குருவி அதையும் ஏற்றுக்கொண்டாள்.

அண்ணி ஒரு மாணவியைப் படைத்தார். அவளுடைய பையில் கைவிளக்கு, ஊதல், காயத்துக்குக் கட்டும் துணி, நீளமான கயிறு. மலையேறப் போகிறாளா என்று கணவர் கேட்டதை அண்ணி பொருட்படுத்தவில்லை. நான்காவது கேள்விக்கு நேரே ஒரே சொல்லை எழுதித் தாளை நீட்டினார். 'கவனக்குறைவு.'

குருவி பென்சிலால் அதை அடித்தாள்.

"இது செல்லாது அண்ணி."

"ஏன் செல்லாது? எச்சரிக்கை பண்ணியும் கேட்காம போறா. அதுக்குப் பேரு கவனக்குறைவுதானே?"

"அது நாம வெளியில நின்னு வைக்கிற பேரு. போறவ அப்படி நினைக்க மாட்டா. 'நான் இப்ப கவனக்குறைவா இருக்கப் போறேன், கொஞ்சம் வழி விடுங்க'ன்னு சொல்லிட்டு யாராவது போவாங்களா?"

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாலும் விடமாட்டார்கள் என்றார். அண்ணி தாளை வாங்கிக்கொண்டு 'அவசரம்' என்று எழுதினார். எதற்கு அவசரம் என்று குருவி கேட்டாள். அண்ணி அதை அடித்துவிட்டார். 'துணிச்சல்' என்று எழுதினார். இருட்டுக்குப் பயப்படுகிறவள் என்று மூன்றாவது கேள்வியில் எழுதியிருப்பதைக் குருவி விரலால் தொட்டுக் காட்டினாள். 'அறியாமை' என்றார். எல்லோரும் சொல்லிவிட்டார்களே, இன்னும் என்ன அறியாமை என்றாள் குருவி.

தேநீர் ஆறியது. வேண்டுமானால் என் தோட்டக்காரரைத் தேடிக்கொண்டு போகட்டும், எனக்கும் ஒரு துணையாயிற்று என்று லிஃப்ட்காரர் பெருந்தன்மையோடு முன்வந்தார். பாட்டுக் கேட்கப் போகலாம் என்று கணவர் தம் பங்குக்குச் சொன்னார். அண்ணி இரண்டையும் மறுத்துவிட்டார். பிறருடைய விடையை வாங்கி எழுதுவதும், கேட்ட கேள்வியைப் பாதியில் விட்டு எழுவதும் அவருக்கு ஆகாதவை. பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, அந்த மாணவியோடு விடுதிக்குள் முதலிலிருந்து நடந்தார். அவள் எந்தக் கட்டிலில் தூங்குகிறாள், காலையில் யாருக்கு முன்பாக எழுகிறாள், யார் குரல் கேட்டால் அவள் ஒளிந்துகொள்கிறாள் என்று ஒவ்வொன்றாகத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். இவ்வளவு நாளும் பாத்திரத்துக்கு வெளியேறும் வழியை மட்டுமே கொடுத்துப் பழகியவர், முதன்முறையாக அதன் உள்ளே போனார்.

பிறகு மெதுவாகப் பேசினார்.

"அவ சலவை அறைச் சாவியை உள்ளேயே வச்சுட்டு வந்துட்டா. காலையில சாவி ஆணியில தொங்கலைன்னா, தொலைச்சவ சாப்பாட்டுக் கூடத்துல எல்லார் முன்னாடியும் நின்னு காரணம் சொல்லணும். அது அங்க விதி."

"அதுக்காகவா உயிரைக் கொடுப்பா?" என்று கணவர் கேட்டார்.

"ஏற்கெனவே ஒருமுறை நின்னிருக்கா. இன்னொரு தடவை நிக்கறதைவிட இருட்டு பரவாயில்லைன்னு நினைக்கறா. உயிரைக் கொடுக்கப் போறோம்னு அவ நினைக்கல. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடலாம்னு நினைக்கறா."

குருவியின் கண்கள் விரிந்தன. இதுதான் பாத்திரம் என்று மேசையைத் தட்டினாள். இப்படி ஒரு விதியை யார் போட்டது என்று கேட்டாள். விடுதிக் காப்பாளர்தான், சாவி தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்டது என்று அண்ணி கொஞ்சமும் தயங்காமல் விடை சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. பாடகர் எதிரொலியில் தம் குரலைத் தாமே வியந்துகொண்டிருந்தபோது செத்தார். தோட்டக்காரர் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு எப்படியோ தப்பினார். மாணவியின் முறை வந்தபோது, சலவை அறையின் வாசலை அடைத்துக்கொண்டு வலை முகத்தோடு அவன் நின்றான். இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, பையில் இருக்கும் ஊதலை ஊதினால் விடுதியே விழித்துக்கொள்ளும், ஊதுகிறாளா என்று குருவி கேட்டாள்.

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணி பகடையை எடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பகடையைத் தள்ளி வைத்தார்.

"ஊதல" என்றார். "ஊதினா காப்பாளர் எழுந்து வருவாங்க. சாவி எங்கன்னு முதல்ல கேட்பாங்க."

அண்ணியின் பாத்திரம் முதன்முறையாகச் செத்தது. கணவர் தேநீர் போட எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குருவிக்கு இது போதவில்லை. தான் அடித்துவிட்ட சொல் வீணாகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, முதுகை நிமிர்த்தி, காப்பாளரின் குரலை வரவழைத்துக்கொண்டு, சடலத்தைக் குனிந்து பார்ப்பவளைப்போலச் சொன்னாள்:

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எல்லாம் இவளோட கவனக்குறைவு."

லிஃப்ட்காரர் கைதட்டினார். அண்ணி சிரிக்கவில்லை. குருவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே" என்றார்.

"செத்துப்போனவகிட்ட எப்படி அண்ணி கேட்கறது?"

"ஆமா. செத்தாத்தான் கேட்க முடியாது" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்தார். மேசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறையில் கணவரிடம் மட்டும், காயம்பட்டவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம், நாளைக் காலையில் போய்வருகிறேன் என்று சொன்னார்.

மறுநாள் அவர் போய்ச் சேர்ந்த வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவர் அந்தத் தொழிலாளியின் மனைவி. உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல் நகர்ந்து வழிவிட்டார். பழம் வந்தது, பலகையில் ஒட்டியதும் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தொழிலாளி கட்டுப்போட்ட கையை ஒரு தலையணையின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அலுவலரைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார்.

அண்ணி அவரை உட்காரச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தாமல் ஏன் கையை விட்டீர்கள் என்று கேட்டார்.

"என் கவனக்குறைவுதான் மேடம். நீங்க எழுதினது சரிதான்" என்றார் அவர்.

"அது செல்லாதுங்க ஐயா. கையை உள்ள நீட்டுறப்ப என்ன நினைச்சீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் சன்னலைப் பார்த்தார். கட்டின் ஓரத்தைத் தடவினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி விடுவதாக இல்லை. நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"உங்க அறையை நினைச்சேன்" என்றார் அவர் கடைசியில்.

அண்ணி சென்ற ஆண்டு ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தார். எவரும் இயந்திரத்தை நிறுத்தினால், அவரே நேரில் அலுவலரின் அறைக்கு வந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். எதனால் இயந்திரங்கள் நிற்கின்றன என்று அறிந்தால் குறையைச் சரிசெய்யலாம் என்பது அவர் எண்ணம். அந்த அறையின் முன்சுவர் முழுவதும் கண்ணாடி. எதிரே போடவேண்டிய நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்ததால், வருகிறவர் நின்றபடிதான் பேச வேண்டும். வெளியே இயந்திரங்களின் அருகில் இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காது. நிற்பவரின் முதுகும், எழுதுகிற அலுவலரின் தலையும் மட்டும் தெரியும்.

விபத்து நேர்ந்த அன்று காலையிலும் இந்த மனிதர் ஒருமுறை அங்கே போய் நின்றிருந்தார். பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்பவர் அவருடைய மனைவியின் தம்பி. இவரே கைப்பிடித்து வேலை கற்றுக்கொடுத்து ஆளாக்கிய பையன். மாமா எதற்கு நிற்கிறார் என்று அந்த மைத்துனர் எட்டிப் பார்த்ததை இவரும் பார்த்துவிட்டார். மதியத்துக்கு முன்பே தாள் மறுபடி சிக்கியது. நிறுத்தினால் போய் நிற்க வேண்டும். சிக்கியது ஒரு தாள்தானே, எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

விசையில் நாடாவை ஒட்டியது யார் என்று அண்ணி கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார் அவர். மற்ற இயந்திரங்களிலும் அப்படித்தானா என்றதற்கு அவர் மறுபடி சன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று தன் குடிகள்மேல் இருந்த அக்கறையால் ஓர் ஆணை பிறப்பித்ததாம். ஆற்றில் முதலையைக் கண்டவர் எவராயினும் உடனே குகைக்கு வந்து, எங்கே கண்டீர், எப்படிக் கண்டீர், அங்கே உமக்கு என்ன வேலை என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பது ஆணை. முதல் மாதம் மான்கள் வந்தன, வரிசையில் நின்றன. அடுத்த மாதம் வரிசை குறைந்தது. அதற்கடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை. ஆற்றில் முதலையே இல்லாமல் செய்துவிட்டோம் என்று சிங்கம் மகிழ்ந்தது. மான்களோ முதலையைக் கண்டாலும் காணாததுபோல் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொண்டிருந்தன. இதில் சிங்கத்தின் மேல் குற்றம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அது கெட்ட சிங்கம் அன்று. ஆனால் ஆற்றங்கரைக்கு அது ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

அண்ணி அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. தொழிற்சாலைக்குப் போய், விடுமுறையில் அடங்கிக் கிடந்த இயந்திரங்களின் காப்புக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பெரும்பாலானவற்றில் விசை நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது; சிலவற்றில் நாடா அழுக்கேறி உலோகத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். அறிக்கையைப் புதிதாக எழுதினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது எளிதில் ஏறவில்லை. மேலாளர் நல்லவர்தான்; ஆனால் சிக்கலை விரும்பாதவர். இயந்திர நிறுத்தங்கள் குறைந்துவிட்டன என்று சென்ற மாதம்தானே உங்களைப் பாராட்டினோம் என்றார். தாள் சிக்குவது குறையவில்லை, நிறுத்தத் துணிகிறவர்கள்தான் குறைந்தார்கள் என்று அண்ணி விடையளித்து, காப்புக் கதவுகளிலிருந்து சுரண்டிய நாடாத் துண்டுகளை மேசையின் மேல் வைத்தார். மேலாளர் அவற்றைத் தொடாமல் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். பழைய அறிக்கை அப்படியே இருக்கட்டும்; அந்த மனிதரின் வயதையும் உழைப்பையும் எண்ணி, இரக்கத்தின் பேரில் அவரை வேலையில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

"இரக்கப்பட்டு வச்சுக்கிட்டா அந்த வார்த்தை அவர் மேலயே நிக்கும் சார். அவர் செய்யாத தப்புக்கு நாம மன்னிப்புக் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றார் அண்ணி.

"அப்போ காரணம்னு உங்க பேரையே எழுதச் சொல்றீங்களா?"

"என் விதியை எழுதுங்க. அதைப் போட்டது யாருன்னு கேட்டா என் பேரையும் எழுதுங்க."

வாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டி நீண்டது. ஒவ்வொரு முறை அது அடங்கப் போகும்போதும் அண்ணி தாழ்ந்த குரலில் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கினார். முடிவில் புதிய அறிக்கை ஏற்கப்பட்டது. தொழிலாளியின் வேலை தப்பியது. கை ஆறும்வரை அவருக்கு இலகுவான வேலை தருவதென்றும் முடிவாயிற்று. அந்த விதி நீக்கப்பட்டது. அலுவலருக்கு எழுத்து மூலம் ஒரு கண்டனம் வழங்கப்பட்டது. அதை அவர் வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் சேதி சொல்லப் போனார். தொழிலாளி கையெடுத்துக் கும்பிட முயன்று, கட்டைக் கண்டு, அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

"தப்பு இவர் மேல இல்லைன்னு எங்க வச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"கூட்டத்துலதாங்க. மேலாளர், மத்தவங்க எல்லாரும் இருந்தாங்க."

"கதவைச் சாத்திட்டுத்தானே? இவரு நின்னது கண்ணாடிக்குள்ள. பலகையில ஒட்டினதை ஊரே படிச்சுது. என் தம்பி படிச்சுட்டு வந்து, 'மாமா இப்படிப் பண்ணுவாருன்னு நினைக்கல'ன்னு சொன்னான். இவரு அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

விடு, விடு என்று தொழிலாளி மனைவியைத் தடுத்தார். அண்ணி அவரைப் பார்த்து, தடுக்க வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். நாளை முறை மாறும் நேரத்தில் வேலைக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் ஒன்றாக இருப்பார்கள், முடிந்தால் நீங்களும் வாருங்கள் என்று அந்த அம்மாளிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில், வெட்டும் பகுதியில் இரு குழுவினரும் கூடி நின்றார்கள். எதற்கு அழைத்தார்கள் என்று தெரியாமல் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக ஏதோ ஓர் அபராதம் வரப்போகிறது என்று ஒருவர் அடுத்தவரின் காதைக் கடித்தார். கட்டுப்போட்ட கையோடு அந்தத் தொழிலாளி ஓர் அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதில் விருப்பமே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அருகில் மனைவி. அவரை ஒட்டி மைத்துனர்.

அண்ணி தம் அறையில் நிற்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, இயந்திரங்களுக்கு நடுவே வந்து நின்றார். கையில் காகிதம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நடந்தது தொழிலாளியின் கவனக்குறைவு அன்று, தாம் போட்ட விதியே காரணம், அவரை ஒரு வார்த்தையும் கேட்காமல் அப்படி எழுதியது தம் தவறு என்று சொல்லத் தொடங்கினார். பேசிப் பழகிய குரல்தான். ஆனால் பாதியில் தேய்ந்தது. ஓரத்தில் ஓர் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னாடி கேட்கல மேடம்" என்று ஒரு குரல் வந்தது. கேலியா, உண்மையா என்று சொல்ல முடியாத குரல்.

"அந்த மிஷினை நிறுத்துங்க" என்றார் அண்ணி.

அதன் அருகில் நின்றவர் விசைக்குக் கையைக் கொண்டுபோய், பழக்கத்தால் தயங்கி, அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு உங்களை யாரும் கேட்க மாட்டாங்க."

இயந்திரம் நின்றது. அந்த நீண்ட கூடத்தில் அப்படியொரு அமைதியை அங்கிருந்தவர்கள் வேலை நேரத்தில் கேட்டதில்லை. அண்ணி ஓரடி முன்னால் வந்து, அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் எட்டும் குரலில், முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி சொன்னார்.